இரண்டாவது ஆள்

நாற்காலியைக் கையால் தூக்க மாட்டார் அத்தை. முழங்காலால் தள்ளிக்கொண்டே கூடத்தின் நடுவரை வருவார். தரை கிரீச்சிடும்; வரிசையில் நிற்கும் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முன்கதவும் கழிப்பறைப் பக்கத்துக் கதவும் ஒரே பார்வையில் தெரிகிற இடம் ஒன்று அங்கே உண்டு. அதில் நாற்காலியை நிறுத்தி, உட்கார்ந்து, கைப்பையை மடியில் ஏற்றிக்கொண்டு, "ம், ஆரம்பிங்க தம்பி" என்பார். அதன் பிறகுதான் சாரணத் தலைவர் விசிலை வாயில் வைப்பார்.

சர்ச்சுக்குப் பின்னால் உள்ள கூடம் அது. சனிக்கிழமை மாலைகளில் சர்ச்சின் சாரணர் படை அங்கே கூடும். ஒரு காலத்தில் பிள்ளைகள் நிற்க இடமில்லாமல் வாசலில் வரிசை பிடித்தார்கள். இப்போது மொத்தப் படையும் ஒரு வேனில் அடங்கிவிடும். நடத்துகிறவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் ஆகாதவர், அதிகம் பேசாதவர். பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு தனித்திருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர் வேண்டும் என்பது படையின் சட்டம். அந்த இரண்டாவது ஆள்தான், பிள்ளைகள் எல்லோரும் அத்தை என்று கூப்பிடுகிற இவர். கயிறு, கூடாரம், திசைகாட்டி எதுவும் அவருக்குத் தெரியாது. "உட்காருறதுதான் என் உத்தியோகம். பதவி உயர்வு வந்தா படுத்துக்கலாம்" என்பார்.

அவருடைய உண்மையான உத்தியோகம் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். சூடான உருளைகளுக்கு நடுவிலிருந்து விரிப்புகள் வந்துகொண்டே இருக்க, எதிரே நிற்கும் பெண்ணோடு முனைக்கு முனை பிடித்து மடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. பேசும்போது பஸ் டிக்கெட்டை மடிப்பார், பிஸ்கட் உறையை மடிப்பார், யாராவது கழற்றிப் போட்ட சாரணர் கழுத்துத் துணி கிடைத்தால் அதையும் நான்காக மடித்து மடியில் வைத்துக்கொள்வார். நீராவியில் வெந்து வெந்து விரல் நுனிகள் வழவழத்துப் போயிருக்கும். ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான்: "பணக்காரன் விரிப்பு, ஏழை விரிப்பு எல்லாம் ஒரே தொட்டிதாங்க. வெளிய வந்தா எது யாருதுன்னு கடவுளுக்கே தெரியாது."

கடவுளோடு அவருக்குப் பெரிய போக்குவரத்து கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். மகன் படையில் இருந்த காலத்தில் ஒரு நாள் அவனை அழைத்துப்போகச் சற்று முன்னதாக வந்திருக்கிறார். அன்று வர வேண்டிய இரண்டாவது ஆள் வரவில்லை. கொஞ்சம் உட்காருங்களேன் அக்கா என்று தலைவர் கேட்க, உட்கார்ந்தார். மகன் வளர்ந்து கப்பல் வேலைக்குப் போய்விட்டான், அத்தை எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து காட்டினால், "எனக்குத் தெரிஞ்சது ஒரே முடிச்சு. அதையும் உங்க மாமா அவுத்துக்கிட்டுப் போயிட்டாரு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

என் வீடு அந்தக் கூடத்துக்கு எதிரே, மாடியில். மனைவி போன பிறகு சனிக்கிழமைகளில் என் வீட்டுக்குள் வருகிற குரல்கள் அந்தப் பிள்ளைகளுடையவைதான். சபைக் கமிட்டியிலும் நான் இருக்கிறேன். ஆகவே கமிட்டியின் முன் அத்தை வந்து நின்ற நாளை நேரில் பார்த்தேன்.

விஷயம் இதுதான். வேறெங்கோ, வேறு சபைகளின் படைகளில், பல வருஷங்களுக்கு முன் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகள் இப்போது ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. சில சபைகள் நஷ்ட ஈடு கொடுக்கக் கட்டடத்தையே விற்றன. எங்கள் கூடத்தில் அப்படி எதுவும் நடந்ததாக ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஆனாலும் படையை வைத்துக்கொள்ளக் கமிட்டிக்குப் பயம் வந்துவிட்டது. கமிட்டியில் ஒரு வக்கீல் உண்டு. "ரெண்டு வருஷத்துல தானா விழப்போற பல்லு இது. இப்பவே பிடுங்கிட்டா வலி மிச்சம்" என்றார் அவர். போதகருக்கு மனம் வரவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது அந்தக் கட்டடத்தில் சிறுபிள்ளைகளின் சத்தம் இருக்கட்டும் என்று வாதாடினார். கடைசியில் வக்கீல் இறங்கிவந்தார்: இத்தனை வருஷமும் கூடவே இருந்த அம்மா, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கமிட்டியின் முன் சொல்லட்டும், படைக்கு சர்ச் தன் பெயரையும் கூடத்தையும் தொடர்ந்து கொடுக்கலாம்.

அத்தை வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். சுவரோரம் தலைவர் நின்றிருந்தார். கைகளில் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவிய சிவப்பு.

"எப்பவும் கூடவே இருந்து பார்த்துக்கிட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்மா" என்றார் போதகர்.

"இருந்தேன் ஐயா. பார்த்துக்கிட்டே இருந்தேன்னு சொல்ல முடியாது. தூங்கியிருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். வக்கீல் அவருக்கு உதவத்தான் பார்த்தார். களைப்பில் ஒரு நிமிஷம் கண்ணசந்திருக்கும், அதெல்லாம் தூக்கத்தில் சேராது என்றார்.

"கண்ணசரல சார். வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கியிருக்கேன். பிள்ளைங்க கைப்பைக்குள்ள சாக்பீஸைப் போட்டு வச்சது, வீட்டுக்குப் போயித் திறந்தப்பதான் தெரிஞ்சுது."

தலைவர் மீது ஏதாவது சந்தேகம் உண்டா என்று போதகர் கேட்டார்.

"துளிகூடக் கிடையாது. இந்தத் தம்பி தங்கம். அது என் மனசுக்குத் தெரியும். ஆனா நீங்க மனசைக் கேக்கல, கண்ணைக் கேக்குறீங்க." கையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்தார், மறுபடியும் மடித்தார். "நாளைக்கு எந்தப் பிள்ளையாவது வந்து, அத்தை நீ பார்த்தியான்னு கேட்டா? நான் தூங்கின நேரத்துக்கும் சேர்த்துல்ல சத்தியம் பண்ணினவ ஆவேன்."

அதன் பிறகு கமிட்டி அதிக நேரம் பேசவில்லை. கைகளைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினோம். படைக்கு இனி சர்ச்சின் பெயர் இல்லை, கூடமும் இல்லை.

படிக்கட்டில் தலைவர் அத்தைக்காகக் காத்திருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"நீங்க தூங்கினது எனக்குத் தெரியும்க்கா. போர்வைகூடக் கொண்டுவந்து வைக்கலாமான்னு யோசிச்சிருக்கேன். ஆனா இனிமே தெருவுல என்னைப் பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

அவர் இறங்கிப் போன பிறகும் அத்தை படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். தலைவர் பயந்தது சரியாகத்தான் போயிற்று. படையை ஏன் மூடினார்கள் என்று கேட்டவர்கள் முழுக்கதையைக் கேட்கப் பொறுமை இல்லாதவர்கள். அந்தம்மா ஏதோ சொல்லிட்டாங்களாம் என்பதோடு பேச்சு நின்றது. ஒரு குடியிருப்பில் லிஃப்டைப் பழுதுபார்க்கப் போனவரை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வரச் சொன்னார்களாம். அத்தை அந்தக் குடியிருப்புக்கே போய், வீடுவீடாகக் கதவைத் தட்டிச் சொல்லிப் பார்த்தார். "நான் சொல்லச் சொல்ல அவங்க முகம் மாறுதுங்க. கறை மேல தண்ணி ஊத்தினா பரவுமே, அந்த மாதிரி" என்றார் என்னிடம். தலைவர் இப்போது நகரத்தின் மறுகோடியில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கமிட்டி கூடியதற்கு அடுத்த சனிக்கிழமை மாலையில் மழை பிடித்துக்கொண்டது. கூடத்துக்குப் புதுப் பூட்டு போட்டிருந்தார்கள். படை இல்லை என்று எல்லா வீடுகளுக்கும் செல்போனில் செய்தி போயிருந்தும், அத்தை வந்து வாசலில் நின்றார். யாராவது தெரியாமல் வந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்திருப்பார். அப்படியே ஒரு கார் வந்தது. சீருடையில் ஒரு சிறுமியை இறக்கிவிட்டு, உள்ளே இருந்த தாய் திரும்பியும் பார்க்காமல் கிளம்பிவிட்டாள். அத்தை கையை வீசிக்கொண்டு பின்னால் ஓடினார். கார் திருப்பத்தில் மறைந்தது.

சிறுமி கூரையின் கீழ் ஒதுங்கி நின்றாள். அங்கே இன்னொருவருக்கும் இடம் இருந்தது. அத்தை திரும்பிவந்து, கூரையிலிருந்து நாலு அடி தள்ளி மழையிலேயே நின்றுகொண்டார். தெருவை இரு பக்கமும் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, ஜன்னலில் நின்றிருந்த என்னைக் கையால் கூப்பிட்டார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கி, தெருவைக் கடந்து பக்கத்தில் போய் நிற்கும்வரை அவர் அந்தப் பிள்ளையை நோக்கி ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை.