வாய்க்கு எட்டாத இராச்சாப்பாடு

அன்றிரவு சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல். சம்பலில் மிளகாய் எப்போதும் போடுகிற அளவுதான். முதல் கவளத்திலேயே வலது கன்னத்தின் உட்பக்கம் நெருப்புப் பட்டதுபோல எரிந்தது. தட்டை வைத்துவிட்டுப் போய் வாய் கொப்பளித்தேன். சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில் குளிருக்கும் பசிக்கும் சேர்த்து வெற்றிலை போட்டேன். பிறகு பிள்ளைமடுவத்துக்கு (வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைத் தோட்டத்தில் பார்த்துக்கொள்ளும் இடம்) வேலைக்கு மாறினேன், வெற்றிலை மாறவில்லை. சுண்ணாம்பு கூடினால் கன்னம் வெந்துபோகும். தேங்காய்த் துண்டை மென்று அந்தப் பக்கம் அடக்கிவைத்தால் ஓரிரு நாளில் ஆறிவிடும். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எல்லோரும் செய்வது அதைத்தான். ஆகவே நானும் தேங்காய் மென்றேன், மாதக்கணக்கில் மென்றேன்.

புண் ஆறவில்லை. முதலில் வெள்ளையாகப் படர்ந்திருந்த இடம் சிவந்து தடித்தது. வாய் முன்போலத் திறக்க மறுத்தது. என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், வீட்டில் எதையும் கவனிக்காத மனிதர். அவரே ஒருநாள் கேட்டார்: "என்னா புள்ள, கோழி கொத்துற மாதிரி சாப்புடுற?"

ஹட்டனில் பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். பல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கண்டி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே திசுப் பரிசோதனை (சந்தேகமான இடத்திலிருந்து சிறு சதைத்துண்டை வெட்டியெடுத்து ஆராய்வது) செய்தார்கள். முடிவு வந்த நாள் நானும் என் வீட்டுக்காரரும் நடையில் சுவரோடு ஒட்டி நின்றோம். டாக்டர் சிங்களவர், தமிழ் பேசத் தெரிந்தவர்.

"அம்மா, இது சுண்ணாம்பு பட்டது இல்ல. புற்றுநோய். வெட்டி எடுக்கலாம். அப்புறம் கதிர் சிகிச்சை."

என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி: "வாயால சாப்புட முடியுங்களா சார்?"

"கொஞ்ச நாள் முடியாது. பிறகு சில பேருக்குத் திரும்பி வரும், சில பேருக்கு வராது. பார்ப்போம்."

வெளியே வந்ததும் அவர்மேல் பாய்ந்தேன். "பொழைப்பாளான்னு கேக்காம சாப்பாட்டக் கேக்குறீங்களே, உங்களுக்கு எப்பவும் அதே நெனப்புதானா?" அவர் கேட்டதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. உயிர் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி ஒருநாள் வாயால் சோறு தின்பேனா என்பதுதான் அதற்குப் பிறகு வந்த எல்லா நாட்களிலும் என்னை அரித்தது.

சத்திரசிகிச்சை முடிந்தது. கன்னத்தின் உட்பக்கத்தையும் கழுத்தில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு கதிர் சிகிச்சை, வார்டில் அதற்குக் 'கரண்ட் வைக்கிறது' என்று பெயர். வைக்கும்போது வலிக்கவில்லை. வைத்து முடித்த பிறகுதான் வாய் முழுக்கப் புண்ணானது. உமிழ்நீர் வற்றி, ருசி என்ற ஒன்றே இல்லாமல் போனது. மூக்குக் குழாயோடு (மூக்கு வழியாக இரைப்பை வரை போகும் மெல்லிய குழாய்) என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எங்கள் லயத்தில் பின்னேரம் அடுப்பு மூட்டியதும் ஒருவருக்கொருவர் கேட்பது, ராவைக்கு என்ன கறி என்பது. கேட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டோம். கிண்ணம் வீடு மாறும். பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறை) இருக்கும் பாக்கியக்காவின் கீரை எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் நெத்தலிப் பொரியல் அங்கே போகும். குழாயோடு நான் வந்த பிறகு கேள்வி நின்றுபோனது. கிண்ணங்கள் மட்டும் மூடிபோட்டு சத்தமில்லாமல் வந்தன. இழவு வீட்டுக்குக் கொண்டுவருகிற மாதிரி இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு எழுந்து நானே அடுப்பை மூட்டினேன். மகள் வினோதினிக்கு ஹட்டனில் துணிக்கடையில் வேலை, அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். "அம்மா, போய்ப் படுங்க" என்று கத்தினாள். வாய்க்குத்தான் வருத்தம், கைக்கு இல்லை என்று சைகையில் சொன்னேன்.

வீட்டுக்குச் சமைத்ததையே எனக்கும் எடுத்தோம். மிளகாய் போடும் முன்பே கொஞ்சம் சோறு, பருப்பு, கரட் எல்லாவற்றையும் சேர்த்து பிளெண்டரில் அடித்து, தேத்தண்ணி வடியில் வடித்து, பெரிய சிரிஞ்ச் வழியாகக் குழாயில் ஊற்றுவோம். என் வீட்டுக்காரர் சிரிஞ்சை உயரத் தூக்கிப் பிடிப்பார். சாப்பாடு தானாக இறங்கும். வயிறு நிறையும். பசி மட்டும் போகாது. பசி வயிற்றில் இருப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். அது வாயில் இருக்கிறது. மூக்கில் குழாயோடு இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு மழை நாள் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். வாசம் லயத்தையே தூக்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. குழம்புத் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து, தண்ணீர் கலந்து, இரண்டு தரம் வடித்து, ஊற்றச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

"இது வேணாம் சரோஜா. ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ் ஏசுவாங்க."

நான் சிரிஞ்சைப் பிடுங்கப் போனேன். அவர் ஊற்றிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஏப்பம் வந்தது. அந்த ஏப்பத்தில் கருவாடு இருந்தது! நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை, தொண்டைக்குப் பின்னாலிருந்து வாசம் மட்டும் மேலே வந்தது. அத்தனை நாளுக்குப் பிறகு நான் சாப்பிட்டது அந்த ஒரு ஏப்பம்தான். சிரித்தேன். சிரித்தால் புண் வலிக்கும், அதனால் அழுததாகவும் ஆகிவிட்டது.

விடிந்து பார்த்தால் குழாய் அடைத்திருந்தது. பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மிஸ் குழாயை உருவிப் பார்த்து, "கரவலத?" என்றார். கருவாடா என்று சிங்களத்தில் கேட்கிறார். பிறகு மற்ற மிஸ்மாரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஏசிக்கொண்டேதான் புதுக் குழாய் போட்டார், ஆனால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். தயவுசெய்து நீங்கள் இதைச் செய்யாதீர்கள்.

சமையலை மட்டும் விடவில்லை. எங்கள் வீட்டுக் கிண்ணம் மறுபடி பாக்கியக்கா வீட்டுக்குப் போகத் தொடங்கியது. ஒருநாள் அவர் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"சரோஜா, கோவிச்சுக்காத. சொல்லாம இருக்க முடியல. ஒங் கொழம்புல உப்பு அள்ளிக் கொட்டியிருக்கு. நேத்து மட்டும் இல்ல, ரொம்ப நாளாவே இப்பிடித்தான்."

நாக்கில் ருசி இல்லை, கைக்கணக்கில் போட்டிருந்தேன். கையும் நோயில் கணக்கை மறந்திருக்கிறது. ஆத்திரம் வந்தது, பாக்கியக்காமேல் அல்ல, தினமும் அதைத் தின்றுவிட்டு வாயைத் திறக்காத இரண்டு பேர்மேல். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். என் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "நல்லா இல்லன்னு சொன்னா சமைக்கிறதையும் விட்டுருவ. அப்பறம் சுவரப் பாத்துப் படுத்துக்கிட்டேதான் இருப்ப." அன்றிலிருந்து உப்பு வினோதினியின் பொறுப்பு.

விழுங்கிப் பார்க்க ஆஸ்பத்திரியில் முதல்தடவை கூப்பிட்டபோது ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தார்கள். புரையேறி மூக்கால் வந்தது. குழாயோடேயே திரும்பினேன். சில பேருக்கு வராது என்று டாக்டர் சொன்ன சில பேரில் நானும் ஒருத்தி என்று முடிவு கட்டிவிட்டேன். அன்று சமைக்கவில்லை, அடுத்த நாளும் சமைக்கவில்லை. அலுத்துப் போயிருந்தேன். இந்த அலுப்பை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பயம் முதல் மாதங்களோடு போய்விடுகிறது, அலுப்புதான் கூடவே தங்குகிறது.

அதன்பின் செய்யச் சொன்னதை மாடுபோலச் செய்தேன். தாடையைத் திறக்க, ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கொண்டிருப்பேன். வெறும் உமிழ்நீரை, அதுவும் இல்லாத உமிழ்நீரை, தலையைக் குனிந்து விழுங்கிப் பழகினேன். அடுத்தடுத்த தடவைகளில் தண்ணீர் இறங்கியது, பிறகு கஞ்சி. ஒருநாள் குழாயை உருவியெடுத்துவிட்டு மிஸ் சொன்னார்: "இனி வாயாலதான். மெதுவா. சாப்புடுறப்போ பக்கத்துல ஆள் இருக்கணும்."

இப்போது இரவில் நான் சாப்பிடுவது குழைந்த சோறு, அதில் மிளகாய் போடாத சொதி (தேங்காய்ப்பால் குழம்பு), நன்றாக மசித்த பருப்பு. ருசி பாதிதான் திரும்பியிருக்கிறது. இனிப்பு தெரிகிறது, புளி கொஞ்சம் தெரிகிறது, மீதிக்கு நினைவை வைத்துச் சமாளிக்கிறேன். எனக்குத் தொண்டை என்று ஒன்று இருப்பதே முன்பு தெரியாது. இப்போது ஒவ்வொரு கவளமும் எங்கே நிற்கிறது, எப்போது நகர்கிறது என்று தெரிகிறது. தொடங்கும்போது சோற்றில் ஆவி பறக்கும், முடிக்கும்போது தட்டு குளிர்ந்திருக்கும்.

கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் கடைசியாகத்தான் சாப்பிட்டிருக்கிறேன், எல்லோரும் எழுந்த பிறகு, அடுப்படியில் குந்திக்கொண்டு, அள்ளிப்போட்டுக்கொண்டு. இப்போது என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து என்னோடு தொடங்குகிறார். அவர் தட்டு சீக்கிரம் காலியாகிவிடும். எழும்புவதில்லை. விரலில் ஒட்டிய சோறு காய்ந்துகொண்டிருக்க, என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது பார்த்தால் எனக்கு விழுங்க வராது.

"எழும்பிக் கை கழுவுங்க. நான் என்னா கொழந்தையா? காவல் காக்குறீங்களா?" என்று நேற்றும் எரிந்து விழுந்தேன்.

"நீ சாப்புடு."

சாப்பிட்டேன். கடைசிக் கவளம் பாதி வழியில் நின்றது. தலையைக் குனிந்து, மூச்சைப் பிடித்து, மறுபடி விழுங்கினேன்.

"எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சு."

அதன் பிறகுதான் அவர் எழுந்தார். இருவரும் சேர்ந்து கை கழுவப் போனோம்.