முதலில் இறங்கிய கங்காணி

இன்று கடையில் நனைந்த கம்பளி வாடை அடித்ததும், நான் பிறந்த நமுனுகுல தேயிலை மலைக்கே நினைவில் போய்விட்டேன்.

அங்கே என் அம்மாவோடு கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு முன்னால் மாணிக்கம் கங்காணிதான் தேயிலை நிரையில் இறங்குவார், செடிக்குள் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்க்க. அவருக்கு மேலான பெரிய கங்காணியோ மேட்டில் நின்று கத்துவார்.

"பொம்பளைங்களுக்கு முன்னாடி ஓடுறதாய்யா கங்காணி வேலை?" என்று சிரித்து, ஒருநாள் பெரியவர் அவரைப் பின்னால் நிறுத்தினார். அன்றே குளவி கிளம்பியது. பெரியவர் ஓடினார். மாணிக்கமோ, விழுந்துகிடந்த என் அம்மாவைத் மழைக்குப் போர்த்தியிருந்த தன் கம்பளியால் மூடி, "அசையாத தங்கச்சி!" என்று மேலே கவிழ்ந்துகொண்டார். அம்மா பிழைத்தாள்.

மறுநாள் பெரியவர் எவ்வளவு கத்தியும் ஒருத்தியும் நகரவில்லை. முகம் வீங்கிய மாணிக்கம் முன்னால் வந்து, "வாங்க தாயி, போவோம்" என்றார். அத்தனை பேரும் நடந்தார்கள்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் பதுளையில் மூன்று கடை நடத்துகிறேன். வெலிமடை உருளைக்கிழங்கு லாரி வந்தால், வேலையாட்களுக்கு முன்னால் முதல் மூட்டை இன்றும் என் தோளில்தான்.