அமைச்சரின் ஒரு பக்க வாழ்க்கையும் ஒரு கதவும்

ஆஸ்திரேலிய வர்த்தக அமைச்சர் எங்கள் பம்பு தொழிற்சாலையைப் பார்க்க வருவதாக இருந்தது. அந்த நாடு எங்களிடம் வாங்கத் தொடங்கியிருந்தது. நான் டிப்ளமோ முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தத் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் சேர்ந்து இரண்டு வருடம். எனக்கு இரண்டு வேலைகள் கொடுத்தார்கள்: வரவேற்புரைக்காக அமைச்சரின் அரசியல் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதுவது, அவர் வருவதற்குள் முடிக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவது.

பட்டியலில் ஏழாவதாகப் பெண்கள் கழிப்பறை என்று எழுதினேன். நாங்கள் முப்பது பெண்கள். பக்கத்துத் தொழிற்சாலையில் அனுமதி கேட்டுப் போவோம். காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவது பழக்கமாகியிருந்தது. மேலாளர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டார்.

அமைச்சர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தொழிற்சங்கம், மாநிலச் சட்டமன்றம், இரண்டு தோல்விகள், பிறகு நாடாளுமன்றம். மூன்று துறைகள் மாறி வர்த்தகத்துக்கு வந்திருந்தார்.

கழிப்பறைச் சுவர் எழும்பி, கதவும் குழாயும் மட்டும் பாக்கியிருந்தபோது, ஒரு நாள் காலை அண்ணனூரில் ரயிலுக்காக நின்றபடி செய்தித்தாளைப் பிரித்தேன். உள்பக்கத்தில் நான்கு வரி. அவர் பதவி விலகிவிட்டார்.

பம்புகளைப் பூட்டும் அசெம்ப்ளி பிரிவில் என் தோழி, மண்ணூர்பேட்டைக்காரி, என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாரி கீது?"

சொன்னேன். மேலாளரிடமும் சொல்ல வேண்டும் என்றேன்.

"அந்தாளு வந்தா இன்னா, வராட்டி இன்னா? இன்னிக்கு கதவு மாட்றாங்க. அப்பால சொல்லு. நீ இன்னா அவரு பொண்டாட்டியா, மொதல்ல சேதி சொல்றதுக்கு?"

மதியம் மேலாளர் நான் எழுதிய பக்கத்தைக் கேட்டார். கடைசி வரியில் அவர் இன்னும் அமைச்சர். கொடுத்துவிட்டேன்.

"நல்லாருக்கும்மா. ரெண்டு தடவை தோத்தாரே, அதை மட்டும் எடுத்துடுங்க."

எடுத்தேன். மாலைக்குள் கதவு மாட்டிவிட்டார்கள்.

மறுநாள் வருகை ரத்தென்று டெலக்ஸ் இயந்திரத்தில் செய்தி வந்தது. கொத்தனாரை அனுப்பிவிட்டார்கள். குழாய் வரவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மேலாளர் கேட்டார்.

"நேத்து காலையில தெரியும் சார்."

அவர் திட்டவில்லை. நாங்கள் வாளியில் தண்ணீர் சுமந்து அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தினோம். அந்த வாரத்திலிருந்து, நான் பம்பு பாகங்களை அளந்து எழுதிய ஒவ்வொரு ஆய்வுத் தாளிலும், இன்னொருவர் அதே பாகங்களை மறுபடி அளந்து பார்த்த பிறகே மேலாளர் கையெழுத்திட்டார்.