கிணறு அவர்கள் பங்கு

போன மாதம் தோட்டத்தில் ரோஜாப் பதியன் வைக்க இடம் ஒதுக்கிக்கொண்டிருந்த தோட்டக்காரன் ரமேஷா திடீரென்று கத்தினான். "சார், இல்லி பன்னி! கெளகே நீரிதே!" இங்கே வாருங்கள், கீழே தண்ணீர் இருக்கிறது என்கிறான். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓடினேன் என்பது பெருமைக்குச் சொல்வது. என் முழங்கால் அதை நடை என்றுதான் சொல்லும். பழைய துணி துவைக்கும் கல்லைப் புரட்டிப்போட்டிருந்தான். அதற்கடியில் மக்கிய பலகைகள். பலகைச் சந்திலிருந்து ஈர மண்ணும் ஊறிப்போன நீலகிரிக் கட்டையும் கலந்த வாசனை வந்தது. ஒரு கல்லைப் போட்டோம். ப்ளக் என்றது.

அது நாங்கள் தோண்டிய குழி. நைனா, அதாவது என் அப்பா, அதை எப்போதோ மண் போட்டு மூடிவிட்டார் என்றே நினைத்திருந்தேன். அவர் மூடிய காலத்தில் நான் ஹெப்பகோடிப் பக்கம் வேலையாக இருந்தேன், எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவேன். இத்தனை வருஷம் கழித்தும் தண்ணீர் இருப்பதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் அவ்வளவு நல்ல சந்தோஷம் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஓட்டு வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்றதும் நண்பர்கள் பாரம்பரியம், ரசனை என்றெல்லாம் பாராட்டினார்கள். நானும் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? காரணம் பழி. பின்பக்கச் சுவருக்கு அப்பால் நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறதே, அது பெரியப்பாவின் பங்கு. அவர் மகன் அதைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டு முதல் மாடியில் குடியிருக்கிறான். என்னைவிடப் பதினேழு வயது சின்னவன். ஒருநாள் வந்து, "நீயும் குடுத்துடுண்ணா. இந்த ஓட்டு வூட்ட வெச்சிகினு இன்னா பண்ணப்போற?" என்றான். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த வீட்டின் ஒரு ஓடுகூட விழக் கூடாது. சிவாஜிநகரில் அலைந்து, இடித்த வீடுகளின் மங்களூர் ஓடுகளைத் தேடி வாங்கினேன். சிவப்புத் தரையை மறுபடி மெழுகிப் பளபளப்பாக்கினேன். ஜன்னல்களுக்கு அடித்த கிளிப்பச்சை எனக்கே பிடிக்காது. ஆனால் அவன் பால்கனியில் காபி குடிக்கும்போது அது நேராகக் கண்ணில் குத்தும். பெங்களூர்க் கத்தரிக்காய்க் கொடியைச் சுவர்மேல் ஏற்றி அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறேன். சருகெல்லாம் அவன் கார்மேல்தான் விழும். அறுபதைத் தொடப்போகிறவன் செய்கிற வேலையா என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான்.

நீலகிரிக் கட்டை வாசனைக்கு வருகிறேன். நைனாவும் பெரியப்பாவும் தங்கவயலில் சுரங்கத்துக்குள் கட்டை முட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தவர்கள். ஒரே கும்பல். ஒருவர் கட்டையைப் பிடித்தால் மற்றவர் ஆப்பு அடிப்பார். பேச்சே தேவைப்படாதாம். வேலையை விட்டுப் பெங்களூருக்கு வந்து, கன்டோன்மென்ட் பக்கம் இந்த மனையைச் சேர்ந்து வாங்கி, சேர்ந்தே வீடு கட்டினார்கள். பின்னால் கிணற்றையும் அவர்களே வெட்டினார்கள். பிறகு சண்டை. எதற்கு என்றால் சிரிப்பீர்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்பதில் தொடங்கியது. சுவரில் முடிந்தது. சுவர் எழுந்தபோது கிணறு ஐந்து முழத்தில் அந்தப் பக்கம் போய்விட்டது.

அம்மாவுக்குத் தோட்டம்தான் எல்லாம். ரோஜா, டேலியா, பந்தல் நிறைய அவரை. தங்கவயலில் லைன் வீட்டு வாசலில் ஒரு தொட்டி வைக்கக்கூட இடம் இல்லாமல் இருந்தவள், இங்கே மண்ணைப் பார்த்ததும் விடவில்லை. சுவர் எழுந்த வருஷம் கடும் வெயில். தெருக்குழாய்த் தண்ணீர் சமையலுக்கே காணாது. கூச்சத்தை விட்டு அம்மா குடத்தோடு சுற்றிக்கொண்டு போய்ப் பெரியம்மா வாசலில் நின்றாள். நானும் கூடப் போயிருந்தேன். பெரியம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவள், வாளியை மேலே எடுத்து வைத்து, கிணற்றின் இரும்பு மூடியை இழுத்துப் போட்டுப் பூட்டினாள்.

"கெணறு எங்க பங்கு. உன் ரோசாவுக்கு ஊத்தவா இத வெட்னோம்?"

பெரியப்பா வீட்டில் வாடகைக்கு இருந்த குடித்தனக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா திரும்பி வந்து அரிசி கழுவின தண்ணீரைச் செடிகளுக்குப் பங்கு போட்டு ஊற்றினாள். டேலியா அந்த வாரமே செத்தது. எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

மறுநாள் காலையில் நைனா கடப்பாரையை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். இருபது அடியில் பாறை வந்து வழி மறித்தது. வேறு யாராக இருந்தாலும் குழியை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். நைனா சுரங்கத்து ஆள். பக்கவாட்டில் சுவருக்கு அடியில் கிணற்றைப் பார்த்துக் குடைய ஆரம்பித்தார். நீலகிரிக் கட்டைகளால் முட்டுக் கொடுத்துக்கொண்டே போனார். நான் அப்போது பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். துளை போடுகிற கம்பிகளின் முனையைச் சாப்பாட்டு இடைவேளையில் ஃபோர்மன் கண்ணில் படாமல் அங்கேயே பழுக்கக் காய்ச்சிக் கூராக்கித் தண்ணீரில் தோய்த்து, பையில் போட்டுக்கொண்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இறங்குவேன். "செடிக்குத் தண்ணி வந்தா போதும்டா" என்பார் நைனா. எனக்குப் போதாது. பெரியம்மாவின் வாளி காலியாக மேலே வர வேண்டும். அதை நினைத்துக்கொண்டே மண் கூடையைத் தூக்கினேன்.

கிணற்றை நெருங்கிவிட்டோம் என்று தோன்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நைனா சுத்தியலால் பாறையைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு டொக், டொக் என்று தட்டல் வந்தது. நைனா சுத்தியலைக் கீழே வைத்தார். பெரியப்பா கிணற்றுக்குள் இறங்கி நின்றிருந்தார். தம்பியின் சுத்தியல் சத்தம் அவருக்குத் தெரியாதா? முதல் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நாங்கள் மேலே ஏறி வந்தோம். சற்று நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"டேய், அங்க பாறை வுட்டுப்போயிருக்குது. எடது பக்கமா ஒதுங்கிப் போ. தல மேல வுழும்."

"சரிண்ணா" என்றார் நைனா.

சுவர் கட்டிய பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பேசவில்லை. இடது பக்கம் ஒதுங்கித் துளை போட்டதும் நாலாம் நாள் தண்ணீர் பீய்ச்சியது. அந்த வருஷம் பெரியம்மா வாளிக் கயிற்றை இரண்டு முழம் நீட்ட வேண்டியிருந்தது. அம்மா தலை நிறைய ரோஜா வைத்துக்கொண்டு வேண்டுமென்றே அவள் வாசல் வழியாகக் கடைக்குப் போய் வந்தாள். இந்தச் செடிகளுக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று பெரியம்மா தெருவெல்லாம் விசாரித்தாள். பெரியப்பா வாயைத் திறக்கவில்லை.

அதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைத்தால் உங்களுக்கு என்னைத் தெரியாது. திருட்டுத் துளைக்கு வழி சொல்லத் தெரிந்தவருக்கு, மனைவியிடம் மூடியைத் திற என்று சொல்ல நாக்கு எழவில்லை. அம்மா அந்த வாசலில் நின்றபோது அவர் வீட்டுக்குள்தான் இருந்தார்.

இப்போது அந்தச் சந்தோஷத்துக்கு வருகிறேன். இந்தக் கோடையில் அந்தக் கட்டடத்தின் போர்வெல் வற்றிவிட்டது. கிணற்றைத்தான் கட்டடக் கழிவு போட்டு மூடியாயிற்றே. டேங்கருக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். நான் எங்கள் குழியைத் தூர் வாரி மோட்டார் இறக்கினேன். சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று மூடி போடாமல் ஓடவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் பெரியப்பா மகன் இரண்டு கேன்களோடு வந்து நின்றான். இந்த நாளுக்காகத்தானே இத்தனை ஓடும் மாற்றினேன்!

"அண்ணா, ரெண்டு நாளா டேங்கர் வர்ல. புள்ளைங்க குளிக்கவே இல்ல. ஒங்க குழில தண்ணி இருக்காமே?"

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். "அது செடிக்குப்பா" என்றேன்.

அவன் முகம் மாறும் என்று பார்த்தேன். மாறவில்லை. சிரித்தான்.

"சரிண்ணா. செடின்னதும் சித்தி ஞாபகம் வந்துடுச்சி. எங்கம்மா சாவுற வரிக்கும் அதையேதான் சொல்லிகினு இருந்தாங்க. ஒரு வெயில் காலத்துல கெணத்துல தண்ணி கொறஞ்சிபோச்சாம். சித்தியே வந்து, 'என் செடி காஞ்சா காயட்டும்க்கா, நீங்க புள்ளைங்களுக்கு வெச்சிக்கோங்க'ன்னாங்களாம். சொல்றப்போ எங்கம்மா அழுதுடும். அந்த மாதிரி மனுசங்க இப்போ எங்கண்ணா இருக்காங்க?"

முழுப் பொய். ஆனால் அதை எப்படி உடைப்பது? உண்மையைச் சொன்னால், அவன் மனதில் இத்தனை வருஷம் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த என் அம்மா, ஒரு நொடியில் காலிக் குடத்தோடு அவன் வாசலில் நிற்பாள். சொல்லாமல் அவனைத் திருப்பி அனுப்பினால், அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு பிள்ளையா என்று ஆகும். பெரியம்மா போய்ச் சேர்ந்த பிறகும் என்னை ஜெயித்துவிட்டாள்.

ரமேஷாவைக் கூப்பிட்டு மோட்டாரைப் போடச் சொன்னேன். பெரியப்பா மகன் தினமும் வருகிறான். தினமும் அம்மாவைப் புகழ்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு கேன்களை நிரப்பித் தருகிறேன்.

நைனா இல்லை, பெரியப்பா இல்லை, அம்மா இல்லை, கிணறும் இல்லை. அன்றைக்கு வேடிக்கை பார்த்த குடித்தனக்காரர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். நடந்தது தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். நானும் போய்விட்டால் பெரியம்மா சொன்னதுதான் நிற்கும். அதனால் உங்களிடமாவது சொல்லிவைக்கிறேன்: அவள் ஒரு குடம்கூடத் தரவில்லை.