அம்மா போட்ட எட்டு

எங்களுடையது மூட்டை முடிச்சுக் குடும்பம். என் கணவர் பாலம் கட்டுகிற கம்பெனியில் இன்ஜினியர். ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஆற்றங்கரைக்குப் போய்விடுவோம். போபால், சூரத், கடைசியாக குவாஹாட்டி. என் மகள் இதுவரை போட்ட யூனிஃபார்ம்களை வைத்து ஒரு துணிக்கடையே திறக்கலாம். போன டிசம்பரில் குவாஹாட்டி வேலை முடிந்தது. நாக்பூரில் அடுத்த வேலை ஜனவரி கடைசியில்தான் என்றார்கள். கிறிஸ்துமஸ், பொங்கல் இரண்டையும் சேர்த்து என் அம்மா வீட்டில் டேரா போட்டுவிடலாம் என்று கிளம்பி வந்தோம்.

நான் சும்மா வரவில்லை. திரும்பிப் போக ரயிலில் மூன்று பேருக்குப் பதிலாக ஐந்து பேருக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தேன். அம்மாவையும் நைனாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போவதென்று தீர்மானம்.

நைனா என்று நாங்கள் கூப்பிடுவது அப்பாவை. செங்கல்பட்டு - மாமல்லபுரம் ரூட்டில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். சர்க்கரை அவர் கண்ணைப் பிடித்துக்கொண்டது. ஒரு கண் சுத்தமாகப் போய்விட்டது. இன்னொன்றில் பக்கத்தில் இருப்பது மட்டும் தெரியும். மாதம் ஒரு முறை செங்கல்பட்டுக்கு, கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம் தாண்டி, மெயின் ரோட்டில் இறங்கி உள்ளே வெகுதூரம் நடக்கிற ஊர். ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டோடு சரி. மழைக்காலத்தில் நடந்து வரும்போது விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். அதையும் பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

வந்த இரண்டாம் நாள் விஷயத்தை எடுத்தேன். "வூட்ட பூட்டிட்டு எங்களோட வந்துடுங்க. இங்க யாரு கீறாங்க உங்களப் பாத்துக்க?"

அம்மா மீன் கழுவிக்கொண்டே சொன்னாள். "அங்க வந்து இன்னா பண்றது? நாலு செவுத்த பாத்துகினு குந்திகினு கீறதா?"

"இங்க மட்டும் இன்னா பண்ற?"

"இங்க என் வூடு கீது."

எங்கள் காலனியில் எழும்பிய முதல் மாடி வீடு அது. ஆள் வைத்தால் கட்டுபடியாகாது என்று தன் வீட்டுக்குத் தானே சித்தாளாகக் கல் சுமந்தவள் அம்மா.

மறுநாள் காலை அவள் வாசலில் நின்று தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தாள். அதற்கடியில் நைனாவின் கியர் இல்லாத ஸ்கூட்டர் இருந்தது. கண் போனதிலிருந்து அதை யாரும் தொடவில்லை.

"இத ஓட்ட கத்துகினா உன்கூட வர தேவையில்ல இல்ல?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அறுபதை நெருங்குகிறவள். சைக்கிள்கூட ஓட்டியதில்லை. என் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். முகத்தைப் பார்த்து, சரி, விளையாட்டாகவாவது ஒப்புக்கொள்வோம் என்று, "எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிக் காட்டு. டிக்கெட்ட கேன்சல் பண்றேன்" என்று சொல்லி வைத்தேன்.

அவள் விளையாடவில்லை. அந்த வாரமே மருமகனைக் கூட்டிக்கொண்டு போய் எல்.எல்.ஆர். போட்டுவிட்டு வந்தாள். ஒரு மாதம் கழித்துத்தான் டெஸ்ட். நைனா கொதித்துப் போனார்.

"மாப்ள, நீங்களுமா? காலம் பூரா ஸ்டியரிங் புடிச்சவன் நானு. இவ ஓட்ட, பின்னாடி குந்திகினு போவணுமா? நம்ம டிப்போகாரன் பாத்தா மானம் பூடும்."

"நீ நடந்து வாயா," என்றாள் அம்மா.

பழகுவதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. ஊருக்குக் கிழக்கே வயலெல்லாம் இப்போது பிளாட். 'கடற்கரைக்கு மிக அருகில்' என்று ஆர்ச் வைத்து, தார் ரோடு போட்டு, கல் நட்டு, கொடி கட்டியிருக்கிறார்கள். வீடுதான் ஒன்றும் வரவில்லை. தினமும் காலையில் நானும் மகளும் அம்மாவும் அங்கே போவோம். மனைக்கெல்லாம் நம்பர் இருந்தும் அம்மாவுக்கு அது வேலைக்காகாது, பழைய வயல் பேர்தான். "மோட்டு கொல்லி வரைக்கும் போயி திரும்புறேன்" என்பாள். அந்த வயல்களில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவள் அவள். ஒரு நாள் வண்டியை நிறுத்தி, ரோட்டைக் காலால் தட்டிக் காட்டிச் சொன்னாள். "இந்த வரப்புல நாங்க செருப்பு போட்டுகினு நடந்தா திட்டுவாங்க. இப்ப பாரு, வண்டியே ஓட்டுறேன்." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் முகம்.

நேர் ரோட்டில் பத்தே நாளில் பறந்தாள். வளைவில்தான் பேஜாரு. சுண்ணாம்பில் எட்டு வரைந்து வைத்தோம். திரும்புகிற இடம் வந்தால் வண்டி தள்ளாடும், கால் தரைக்கு வந்துவிடும். கால் ஊன்றினால் ஃபெயில். விழுந்து எழுந்து, முழங்கையில் பிளாஸ்திரியோடு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்தாள். புதுப்புடவைக்கு மேட்சாக இல்லையே என்று அவளே கிண்டலடித்துக்கொண்டாள். நான் கத்தினேன், கெஞ்சினேன். பேத்தி, "ஆயா, பாத்து, ஆயா, பாத்து" என்று கூடவே ஓடி ஓடி இளைத்தாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம், யாரும் கூப்பிடாமலே நைனா எங்களோடு வந்தார். வந்து ஒரு மனைக்கல்லின் மேல் உட்கார்ந்தார். அந்தத் தூரத்தில் அவருக்கு எதுவும் தெரியாது. தலையைச் சாய்த்து வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"திரும்பறப்போ ரேஸ் எறங்குது," என்றார். "கால உடு. வலது கைய எதுக்கு எடுக்கிறா? பாரு."

நாங்கள் மூன்று வாரமாக அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது கையைப் பார்த்தேன். வளைவு வந்ததும் அம்மாவின் வலது கை ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுப் புடவையை முழங்காலுக்கு மேல் ஒரு இழுப்பு இழுத்தது. அது அவளுக்கே தெரியவில்லை. சொன்னபோது திகைத்து நின்றாள். அப்புறம் வெட்கத்தோடு சிரித்தாள். "சேத்துல எறங்கி வரப்பு தாண்டும்போது புடவைய தூக்குவோம் இல்ல? அந்த கைதாண்டி இது."

சுடிதார் வாங்கித் தருகிறேன் என்றேன். "உன் பொண்ணுக்கு வாங்கு," என்று முடித்துவிட்டாள். கையை எடுக்காதே என்று சொல்லச் சொல்ல, கை முன்னை விட வேகமாக எழும்பியது. பொங்கல் வந்தது, போனது. காணும் பொங்கலுக்கு ஊரே மாமல்லபுரம் கடற்கரையில் இருந்தது. அம்மா மட்டும் வரமாட்டேன் என்று பிளாட்டில் எட்டு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு முறைகூடச் சுத்தமாக வரவில்லை. நான் அவர்களுடைய ஸ்வெட்டர்களைப் பெட்டியில் எடுத்து வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவள் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு பிளாட்டுக்குக் கிளம்பினாள். அது எனக்குத் திட்டு வாங்கியதை விட வலித்தது.

டெஸ்ட் அன்று அம்மாவும் என் கணவரும் ஸ்கூட்டரில் செங்கல்பட்டுக்குப் போனார்கள். நானும் மகளும் நைனாவும் பஸ்ஸில். மைதானத்தில் பையன்களாக நூறு பேர் இருப்பார்கள். அம்மாவின் முறை வந்தது. வண்டியில் ஏறாமல், கொசுவத்தை அள்ளி, நடவுக்குக் கட்டுவதுபோல் முழங்கால் தெரிய இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகினாள். நிதானமாகத்தான் கட்டினாள். எல்லாரும் பார்த்தார்கள்.

வரிசையில் நின்ற ஒருவன் சிரித்துக்கொண்டே, "இன்னாம்மா, நாத்து நட வந்தியா?" என்றான்.

"நட்டு முடிச்சிட்டுதாம்பா வந்துகீறேன்," என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

நைனா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். அவருக்கு அம்மா தெரியவில்லை. முதல் வளைவுக்கு அவள் போனாள். இழுக்கப் புடவை இல்லை. கை இருந்த இடத்திலேயே இருந்தது. வண்டி வளைந்து, நடுவில் வந்து, மறுபக்கம் வளைந்தது.

"ரேஸ் எறங்கல," என்றார் நைனா. "கால் வச்சாளா?"

"இல்ல நைனா."

"இன்னொரு ரவுண்டு கேக்குறாங்களா?"

"போயிகினு கீது."

"ரேஸ் எறங்கல," என்று மறுபடியும் சொன்னார். "போட்டுட்டா."

அம்மா வண்டியை இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, அப்புறம்தான் காலை ஊன்றினாள். அவர் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். சிரித்தவனே முதலில் கை தட்டினான். நான் அழுதேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வெளியே வந்ததும் நைனா என் கணவரிடம் கையை நீட்டினார். "மாப்ள, அந்த ஹெல்மெட்ட குடு." தட்டுத்தடுமாறி அம்மாவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

நாங்கள் மூவரும் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினோம். டிரைவருக்குப் பின் சீட். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவர்களைப் பிடித்துவிட்டோம். அம்மா நடு ரோட்டில் ராணிபோல் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் நைனாவின் வலது கால், இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து எடுத்தது. டிரைவர் விடாமல் ஹார்ன் அடித்தார். அம்மா நகரவில்லை. நைனா மட்டும் திரும்பாமலே கையை வெளியே நீட்டி, பொறு என்பதுபோல் உள்ளங்கையைக் காட்டினார்.

டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுத்தார். "கண்டக்டரே, பின்னாடி குந்திகினு கீறது நம்ம அண்ணாத்த இல்ல? ஓட்டறது யாரு?"

"எங்க அம்மா," என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொன்னேன்.

"அப்ப போவட்டும்," என்று வேகத்தைக் குறைத்தார்.

நான் போனை எடுத்து இரண்டு டிக்கெட்டையும் கேன்சல் செய்தேன். திருக்கழுக்குன்றம் வரும்வரைக்கும் அந்த பஸ் என் அம்மாவுக்குப் பின்னால்தான் போனது.