இன்னொண்ணு எங்கே?

எங்கள் சாம்பிள் ரூமில் ஷூ எப்போதும் ஒற்றையாகத்தான் பிறக்கும். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையருக்குக் காட்ட ஒரு கால் போதும் என்பதால் வலது காலை மட்டும் செய்வோம். தோல் பாதி மிச்சம், அனுப்பும் பெட்டியில் இடமும் பாதி மிச்சம். ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் இருக்கும் அந்த அறையில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரையும் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அலமாரி முழுக்க ஒற்றை ஷூக்களாகவே பார்த்துப் பார்த்து, ஷூ என்றாலே ஒன்றுதான் என்று என் கண் பழகிப்போயிருந்தது. பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இதுதான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த அலமாரியிலிருந்துதான் எங்கள் வீடியோ கேமும் வந்தது. என்னோடு காலேஜில் படித்தவள், மேல்விஷாரத்துக்காரி, புரோகிராம் எழுதுவாள். நான் படம் வரைவேன். கதை சின்னதுதான். ஒரு சாம்பிள் ஷூ, தனக்கும் ஒரு ஜோடி எங்கேயோ இருக்கும் என்று நம்பி அலமாரியை விட்டுக் குதிக்கிறது. கட்டிங், தையல், பேக்கிங் என்று ஃபேக்டரி முழுக்கத் தேடுகிறது. கண்டெய்னர் கதவு மூடுவதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும். வழியில் மெஷின்கள், பசை டப்பாக்கள், டார்ச் லைட்டோடு ஒரு செக்யூரிட்டி, காரணமே இல்லாமல் ஒரு பூனை. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அவள் வீட்டு மாடியில் இதற்கே கொடுத்தோம். அவள் அம்மா கீழேயிருந்து தட்டு தட்டாக ஏதாவது அனுப்பிக்கொண்டே இருப்பார். கேம் வளர்ந்ததோ இல்லையோ, நான் நன்றாக வளர்ந்தேன்.

சென்னையில் புதிய கேம்களுக்காக ஒரு கண்காட்சி நடக்கப்போவதாகத் தெரிந்தது. அங்கே ஒரு மேஜை கிடைத்தால் நேரில் வந்து விளையாடிப் பார்ப்பார்கள், நாலு பேருக்குத் தெரியும். ஆனால் முதல் சுற்றில் கேமைத் திறந்தே பார்க்க மாட்டார்களாம். கவர் படம் ஒன்றை அனுப்ப வேண்டும், அதை வைத்தே கழிப்பார்களாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு வருட உழைப்பை ஒரு படத்தை வைத்து எடை போடுவதாவது என்று மாடியில் குதித்தேன். அவள் போனை எடுத்து கேம் விற்கும் கடையைத் திறந்து காட்டினாள். வரிசை வரிசையாக, நகம் அளவுக்குக் குட்டிக் குட்டிப் படங்கள். கட்டைவிரலை ஒரு தடவை தள்ளினாள், பத்து கேம் மேலே போய் மறைந்தது. நீ எத்தனை கேமைத் திறந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றாய் என்று கேட்டாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனியின் வேலை லெட்டர் அவள் கையில் இருந்தது. கண்காட்சிக்குத் தேர்வானால் இங்கேயே இருந்து கேமை முடிப்பேன், இல்லாவிட்டால் கிளம்புவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள், என்னிடமும் சொன்னாள். சரிதான் என்று நானும் பெரிய மனுஷி போலத் தலையாட்டினேன். உள்ளுக்குள் பயமாக இருந்தது. அவள் போய்விட்டால் கேம் அப்படியே நின்றுவிடும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது.

முதல் கவரை மூன்று வாரம் வரைந்தேன். ஃபேக்டரி மொத்தத்தையும் அதில் இறக்கினேன். தையல் லைனில் நாற்பது பெண்கள், ஒவ்வொருத்திக்கும் தனி முகம். கூரையில் ஃபேன், ஜன்னலில் வெயில், மூலையில் பூனை, நடுவே எங்கேயோ எங்கள் ஷூ. சுவரளவு பார்த்தால் அழகுதான். அதை நகம் அளவுக்குச் சுருக்கியபோது காரக்குழம்பு சிந்திய காகிதம் மாதிரி இருந்தது.

எங்களுடைய பரிசோதனைக்கூடம் கம்பெனி பஸ். வேலூர் பாகாயத்தில் நான் ஏறினால் ஆம்பூர் வரை நிறைய நேரம் இருக்கிறது. கேம் கடையில் இருக்கும் இருபது படங்களுக்கு நடுவே எங்கள் படத்தைச் சொருகி, போனைக் கைநீட்டிக் காட்டி, இரண்டு எண்ணுவதற்குள் மூடிவிடுவேன். எது கண்ணில் பட்டது என்று கேட்பேன். பஸ்ஸில் ஒருத்தி விடாமல் எல்லோரும் கார் ரேஸைச் சொன்னார்கள். எங்கள் படத்தைத் தனியாகத் திறந்து காட்டியபோது, தையல் லைனில் இருக்கும் அக்கா ஒருத்தி, "இது இன்னா, ஜவுளிக்கட வெளம்பரமா?" என்று கேட்டாள். நாற்பது முகத்தில் ஒன்று அவளுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது கவரில் ரோஷத்தோடு எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன். ஒரே ஒரு ஷூ. பார்ப்பவரை நோக்கிப் பாய்ந்து வருகிறது, அடிப்பாகமான சோல் முன்னால், படம் முழுக்க சோல்தான். பஸ்ஸில் இந்தத் தடவை இருபது படத்தில் எங்களுடையதைத்தான் எல்லோரும் தொட்டார்கள். சோல் ஃபினிஷிங் பிரமாதம் என்றார்கள். ஓரத்தையல் ஒரு இடத்தில் நெருக்கமாக இருக்கிறது என்று ஒருத்தி குறைகூடக் கண்டுபிடித்தாள், அதையும் திருத்தினேன். தோழிக்கு போன் போட்டு ஜெயித்துவிட்டோம் என்றேன். ஷூ செய்கிறவர்களிடம் மட்டுமே ஷூவைக் காட்டி ஓட்டு வாங்கியிருக்கிறோம் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

படத்தைத் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். தேர்வானால் அதையே பெரிதாக அடித்துச் சுவரில் மாட்டுவார்கள் என்பதால், ஒரு முறை பெரிதாகப் பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை வேலூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனோம். நிறம் சரியாக வருகிறதா என்று ஒத்துப் பார்க்க நிஜ ஷூவையும் பையில் வைத்திருந்தேன். கழித்துப் போட்ட சாம்பிள்தான் என்றாலும் கேட் பாஸ் வாங்கியே வெளியே கொண்டுவந்தேன். செக்யூரிட்டி அதில் 'ஒத்த ஷூ, ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எங்கள் ஃபேக்டரியில் அது ஒரு சாதாரண வாக்கியம்.

ஃபிளெக்ஸ் கடைக்காரர் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று வேலூரின் பாதி சுவர்களுக்குப் பொறுப்பானவர். அவருக்கு முன்னால் காதுகுத்து பேனருக்காக ஒரு புருஷன் பெண்டாட்டி காத்திருந்தார்கள். கடைக்காரர் எங்கள் பென் டிரைவைச் சொருகிப் படத்தைத் திறந்தார். திரை முழுக்க சோல் வந்து நின்றதும் மனிதர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இன்னாமா இது, யார அடிக்கப் போறீங்க?"

நான் விளக்கினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எத்தனையோ கட்சிக்கு பேனர் போட்டிருக்கிறேன், ஒருத்தரும் ஜனங்கள் முகத்துக்கு நேரே செருப்பைக் காட்டச் சொன்னதில்லை என்றார். காதுகுத்துக்காரரும், இதைத் தெருமுனையில் கட்டினால் சண்டை வரும் என்று சேர்ந்துகொண்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஷூவை மேஜைமேல் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறவர்கள் நாங்கள். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். புதுத்தோல் வந்தால் முகர்ந்து பார்க்கிறோம். அது எப்படி ஒருத்தரை அவமானப்படுத்தும்? இத்தனையையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்க கம்பெனில சரிம்மா என்றார். ரயிலில் வருகிறவர்கள் மூக்கைப் பொத்தும்போதுதான் ஆம்பூருக்கு ஒரு தோல் வாசனை இருப்பதே எங்களுக்குத் தெரியவரும். அதே போலத்தான் அப்போதும் இருந்தது.

தோழியின் முகத்தைப் பார்த்தேன், அது பெங்களூருக்குப் பாதி வழி போயிருந்தது. அந்த ஆத்திரத்தில்தான் பையைத் திறந்து ஷூவை எடுத்து, ஒரு பேப்பரை விரித்து, அவர் மேஜைமேல் வைத்தேன். பாருங்கள், இது எவ்வளவு அழகாக இருக்கிறது, இதைப் பார்த்தால் அடிக்க வருகிற மாதிரியா இருக்கிறது என்று கேட்டேன்.

நல்ல தேன் நிறத் தோல், அளவான தையல், அது அழகுதான். கடைக்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டத்தில் பார்த்தார். பிறகு என் பக்கம் பார்த்தார், என் பையைப் பார்த்தார். சட்டென்று நாற்காலியை விட்டு இறங்கி மேஜைக்கு அடியில் குனிந்தார்.

"இன்னொண்ணு எங்கமா? கீழ விழுந்துட்ச்சா?"

காதுகுத்துக்காரர் பெஞ்சைத் தூக்கிப் பார்த்தார். அவர் மனைவி, வரும்போது தவறவிட்டிருப்பீர்கள் என்று படியிறங்கி வாசலில் தேடினார். பாவம், இவ்வளவு நல்ல ஷூ, ஒன்று தொலைந்தால் இன்னொன்றும் வீண்தானே என்று புலம்பினார். கடைக்காரர் ஃபிளெக்ஸ் சுருள்களுக்குப் பின்னாலிருந்து, நீங்கள் வந்த ஆட்டோ நம்பர் ஞாபகம் இருக்கிறதா என்று குரல் கொடுத்தார். ஒற்றை ஷூவைப் பார்த்தால் மனிதர்கள் இதைத்தான் கேட்பார்கள் என்று ஆறு வருடத்தில் ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. எங்கள் கேமே அந்தக் கேள்விதான். அதை விட்டுவிட்டு மெஷினையும் பூனையையும் சோலையும் வரைந்துகொண்டிருந்தேன்.

தோழி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"இதாண்டி கவர்," என்றாள். நான் உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். "இருடி, இன்னும் கொஞ்சம் தேடட்டும்," என்றாள்.

கடைசியில் நிஜத்தைச் சொன்னபோது கடைக்காரருக்கு ஏமாற்றம்தான். ஜோடியே இல்லாமல் ஷூ செய்வார்களா என்று நம்ப மறுத்தார். ஒரு வட்டத்தில் எங்கள் இருவர் போட்டோவையும் போட்டால் கவர் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று யோசனையும் சொன்னார். அதை மட்டும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைந்தேன். மேலிருந்து பார்க்கிற மாதிரி திறந்த ஷூ பெட்டி ஒன்று, உள்ளே வெள்ளை டிஷ்யூ பேப்பர். ஒரு பக்கம் எங்கள் தேன் நிற ஷூ. மறுபக்கம் பேப்பரில் இன்னொரு ஷூ படுத்திருந்த பள்ளம் மட்டும். ஓரத்தில் செக்யூரிட்டியின் டார்ச் வெளிச்சமாவது விழட்டும் என்று அவள் கெஞ்சினாள், பூனையின் வாலாவது தெரியட்டும் என்று நான் கெஞ்சினேன். இரண்டையும் இருவரும் மாறி மாறி அழித்தோம். நகம் அளவுக்குச் சுருக்கியபோதும் பள்ளம் பளிச்சென்று தெரிந்தது.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் காட்டினால் ஒருவரும் சீண்டவில்லை. சாம்பிள் தானே, ஒத்தையாத்தான் இருக்கும் என்று திரும்பிக்கொண்டார்கள். ஷூ செய்கிறவர்களுக்குத் தோன்றாத கேள்விதானே வெளியே வேலை செய்தது, எனக்கு அன்று அதுவே தெம்பாக இருந்தது. தோழி அங்கே ஆற்காடு பஸ் ஸ்டாண்டில் பழக்கடை, டீக்கடை, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் என்று வரிசையாகக் காட்டியிருக்கிறாள். ஒருவர் பாக்கியில்லாமல் ஒரே கேள்விதான் கேட்டார்களாம். சாயங்காலம் படத்தை அனுப்பினோம்.

பத்து நாள் கழித்துத் தேர்வான செய்தி வந்தது. நான் சாம்பிள் ரூமிலேயே கத்திவிட்டேன். லாஸ்ட் என்கிற கால் அச்சில் தோலை இழுத்துக்கொண்டிருந்த எங்கள் சாம்பிள் மாஸ்டர், என்ன ஆச்சு என்று கேட்டு முழுக் கதையையும் வாங்கிக்கொண்டார். தோழியும் போனில் சிரித்தாள், அழுதாள், எல்லாம் செய்தாள். பெங்களூரைப் பற்றி மட்டும் பேசவில்லை. அங்கே சேர வேண்டிய நாள் கண்காட்சி முடிந்த மறுநாள். வேலையை விடாதே என்று அவள் அண்ணன் வேறு தினமும் போன் செய்துகொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம்.

கண்காட்சிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், மாஸ்டர் என் மேஜையில் ஒரு பேப்பர் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். உள்ளே இடது கால். அதே தோலின் மிச்சத்தில், சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து செய்திருக்கிறார். முப்பது வருடத்தில் சாம்பிளுக்கு ஜோடி செய்தது இதுதான் முதல் தடவை என்றார். அன்று கேட் பாஸில் செக்யூரிட்டி 'ஷூ, ஒரு ஜோடி' என்று எழுதினார். தோழியிடம் சொல்லவில்லை. கண்காட்சி முடிந்த பிறகு கொடுக்கலாம் என்று இடது காலைச் சென்னையிலும் மேஜைக்கு அடியில் என் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

சென்னையில் எங்கள் மேஜைமேல் பெட்டியைத் திறந்து வைத்தோம். ஒரு பக்கம் வலது கால், மறுபக்கம் பள்ளம், பின்னால் சுவரில் அதே படம் பெரிதாக. பக்கத்து மேஜைகளில் டிராகனும் துப்பாக்கியும் இருந்தன. எங்களிடம் வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். தோழி பதில் சொல்லாமல் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்துவிடுவாள். வரிசை நீண்டுகொண்டே போனது.

மத்தியானத்துக்கு மேல் ஓர் அம்மாள் மகளோடு வந்தார். மகள் விளையாட, அவர் மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு மேஜைத் துணியைத் தூக்கிக் குனிந்தார். என் பை வாய் பிளந்து கிடந்திருக்க வேண்டும். இடது காலோடு நிமிர்ந்து, இதோ இருக்கே என்று பெட்டியில் வைத்தார். பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

தோழி ஜோடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மாஸ்டர் செய்தது என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் அதைத் தொட்டுக்கொண்டே நின்றாள். பிறகு இடது காலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"பழையபடி ஒளிச்சி வை. அடுத்தவங்க வர்றாங்க. அப்பறம், பெங்களூருக்கு வரலன்னு நேத்தே எழுதிப் போட்டேன்."

நேற்றே எழுதிவிட்டு இன்று மத்தியானம் வரை என்னை வேகவைத்திருக்கிறாள். அவளைத் திட்ட வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு மேஜைக்கு அடியில் புகுந்தேன். ஷூவைப் பையில் வைக்க வேண்டும், முகத்தையும் துடைத்துக்கொள்ள வேண்டும். மேலே யாரோ புதிதாக வந்து நின்று, இன்னொண்ணு எங்கங்க என்று கேட்டார்கள்.

"இருக்கு," என்று தோழி சொல்வது கேட்டது. "நல்லா தேடுங்க."