குளோரி வியன்னாவுக்குப் போகிறாள்

உள்ளறையில் பெட்டியின் ஜிப் சர்ரென்று இழுபட்டது. அடுக்களையில் சாயாவுக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்த குளோரியின் கை அப்படியே நின்றது.

"ஏட்டி ஜெஸ்பின், அங்க என்ன செய்யுதே? முதல்ல சாயாவக் குடி மக்கா!"

"உங்க மவ தந்துவிட்ட சாமானம் மாமி. இதக் குடுக்காமப் போனா அவ என்னை வியன்னாவுல கால் குத்த விடமாட்டா."

வியன்னாவில் குளோரியின் மகள் அஜிஷா நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் ஜெஸ்பினுக்கும் வேலை. லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாள்.

சாயா தம்ளரை வைத்த குளோரியால் உட்கார முடியவில்லை. முற்றத்துக்குப் போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள். டிசம்பரில் ஊர் சுற்றிப் பார்க்க வா என்று மகள் கூப்பிட்ட நாளிலிருந்து, கரையில் எடுத்துப் போட்ட மீனைப்போல நெஞ்சு துள்ளிக்கொண்டே இருக்கிறது. விசா வந்தாயிற்று. "வாறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அஜிஷா டிக்கெட் போட்டுவிடுவாள். அந்த ஒரு வார்த்தைதான் தொண்டையைத் தாண்டவில்லை.

எப்படித் தாண்டும்? கணவர் ஞானதாசனுக்கு ஆழ்கடல் படகில் தொழில். மாதக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு கிறிஸ்மஸுக்குத்தான் கரை சேர்வார். கல்யாணமான நாள்முதல் ஒரு கிறிஸ்மஸ்கூட குளோரி இல்லாத வீட்டுக்கு அவர் வந்ததில்லை. அவர் கடலில் கிடந்த மாதங்களில் மீன் சருவப் பானையைத் தலையில் சுமந்து, தக்கலைவரை வீடு வீடாக நடந்து விற்று, மகளைப் படிக்க வைத்தவள் குளோரி. அந்தக் கால்களைத்தான் மகள் இப்போது குறைத்துப் பேசுகிறாள்!

"மொதல்ல என்ன பேச்சு பேசினா தெரியுமா? அரண்மனை பாக்கலாம், பெரிய கோயில் கோபுரத்துல ஏறலாம், கிறிஸ்மஸ் சந்தையெல்லாம் சுத்தலாம்னு. இப்ப ஒவ்வொரு போனுக்கும் ஒண்ணொண்ணாக் குறையுது. படி ஏற வேண்டாமாம். ரொம்ப நடக்க வேண்டாமாம். ஜன்னல் வழியா பனி பெய்யத பாத்துட்டு வீட்டுல இருந்தாப் போதுமாம். என்னைக் கிழவியாக்கிட்டா, பாத்தியா! ஜன்னல் வழியா பாக்கதுக்கு எனக்கு இங்க கடலு இல்லியா?"

ஜெஸ்பின் சிரித்துக்கொண்டே சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு ஒன்றை விரித்துப் பிடித்தாள். "கையை நீட்டுங்க மாமி. அங்க உள்ள குளிருக்கு உங்க சேலை ஒரு மூலைக்குக் காணாது."

அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் குளோரிக்கு உறைத்தது. போன வருஷம் மகள் பனியில் நின்று அனுப்பிய படத்தில் இருந்த அதே கோட்டு!

"இது அவளுக்க கோட்டுல்லா? இதை எனக்குத் தந்துட்டு அவ எதைப் போடுவா?"

"அவளுக்கு இப்ப பொத்தான் எட்டாது மாமி..."

சொன்ன வேகத்தில் ஜெஸ்பின் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குளோரி தான் போட்டிருந்த கோட்டின் பொத்தான்களைத் தொட்டுப் பார்த்தாள். போனில் முகத்தை மட்டுமே காட்டுகிற மகள்! பூரித்துப்போன அந்தக் கன்னங்களை அந்த ஊர் வெண்ணெயின் புண்ணியம் என்று எண்ணிய தாய்! படியேற முடியாதது யாருக்கு என்று இப்போதல்லவா புரிகிறது!

"எத்தனாம் மாசம்?" குளோரி ஜெஸ்பினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு. ரொம்ப நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் சொன்னேன்னு அவளுக்குத் தெரியக் கூடாது மாமி. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"பெத்த தாய்க்கிட்ட மறைக்கணுமா? நான் என்ன பகையாளியா?"

ஜெஸ்பின் தலை குனிந்தாள். "போன தடவை என்ன நடந்துன்னு உங்களுக்கே தெரியும்லா."

தெரியும். செய்தி வந்த அன்றே குளோரி தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். மூன்றாம் மாதமே அந்தக் கரு கலைந்தது. ஊர் முழுக்கத் துக்கம் கேட்டது. நேரில் முடியாதவர்கள் மகளுக்கே போன் போட்டுக் கேட்டார்கள். "எத்தனை பேருக்கும்மா நான் பதில் சொல்லுவேன்?" என்று அஜிஷா கதறினாளே!

தலைப்பேறுக்கு மகளைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது ஊர் வழக்கம். வர முடியாத மகள், தாயைத் தன்னிடம் அழைக்கிறாள். அதையும் அரண்மனை, கோபுரம் என்று ஒளித்து அழைக்கிறாள். தாயின் வாய்க்குப் பயந்து! குளோரி கோட்டின் கைக்குள் முகத்தைப் புதைத்து விம்மினாள்.

பிறகு மூக்கைத் துடைத்து, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"டிக்கெட் போடச் சொல்லு. அம்மைக்கு முட்டு வலி, ஒரு படியும் ஏற முடியாது, வீட்டுல இருந்தாப் போதும்னு நான் சொன்னதாச் சொல்லு."

"அப்போ மாமா?"

"ஒரு கிறிஸ்மஸுக்கு அவரே சோறு வச்சுத் தின்னட்டும். கடல்ல அவருதான வைக்காரு?"

ஜெஸ்பின் காலிப் பெட்டியோடு இறங்கும்போது அடுத்த வீட்டு ராஜபாய் நடையில் வந்து நின்றாள்.

"ஏட்டி குளோரி, கண்ணு என்ன செவந்து கெடக்கு? மவளுக்கு ஏதாவது விசேஷமா?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் நெஞ்சு ஆறும். ஆறாமலே போகட்டும்!

"என்ன விசேஷம்க்கா? அரண்மனை பாக்கப் போறேன். ராசா சாப்பிட்டாரான்னு கேட்டுட்டு வந்து சொல்லுதேன்."

ராஜபாய் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தாள். ஜெஸ்பின் திரும்பிப் பார்த்துக் கண்ணால் சிரித்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். அவள் தலை மறைந்ததும், வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, குளோரி கதவைச் சாத்தினாள்.